பொறுப்பேற்று மூன்று வாரம்: 3389 திறந்து கிடக்கிறது, முதலாளி "பத்து வருஷமா ஒன்னும் ஆகலையே" என்கிறார்

கிழங்கு_சர்வர்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஆலை அங்கே, ஆபீஸ் செவ்வாய்ப்பேட்டையில், அது போக முதலாளிக்கு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டமும் அதில் வாடகைக்கு விடும் ஆறு அறைகளும் உண்டு. மூன்றுக்கும் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் இருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார், போகும்போது பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனார், அதில் பாதி வேலை செய்யவில்லை.

நிலவரம் இதுதான். ஆபீஸில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, அதில் கணக்குக்கு டேலி, பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டாடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, ரவுட்டரில் 3389ஐ, அதாவது வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருகிற போர்ட்டை (கதவு எண் மாதிரி), நேராக சர்வருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்க்க, முதலாளியின் மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து பார்க்க, அப்புறம் ஆலையிலிருந்து பில் போடுகிறவர்களும் அதே வழியாகத்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே யூசர். பாஸ்வேர்ட் என்னவென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, கம்பெனி பெயரும் ஒரு வருஷமும். சிசிடிவி கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரும் வெளியே திறந்திருக்கிறது. எடைமேடை கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. பேக்கப் என்று ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் சர்வருக்குப் பின்னால் செருகியபடியே கிடக்கிறது, அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

முதலாளியிடம் சொன்னேன். "பத்து வருஷமா ஒன்னும் ஆகலையே தம்பி, இப்ப என்ன புதுசா" என்றார். நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று பெரிய மனசு பண்ணியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

ஐந்துரோடு:

தம்பி, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தப் போர்ட்டை மூடு. நாளைக்கு ஆடிட்டர் கூப்பிடுவார், முதலாளி கத்துவார், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆலைக்கு ஸ்டாடிக் ஐபி இருந்தால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ரவுட்டரில் அனுமதி கொடு, பில் வேலை நிற்காது. இது இன்றைய ராத்திரியைத் தள்ளுவதற்கு மட்டும். நிரந்தர ஏற்பாடு விபிஎன், அதாவது சாவி உள்ளவர்கள் மட்டும் வருகிற ரகசியப் பாதை.

மூடுவதற்கு முன்னால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக்கை (யார் எப்போது வந்தார் என்ற பதிவு) வேறு இடத்துக்கு எடுத்துவை. 4625 என்பது தோற்றுப்போன முயற்சி, 4624 என்பது உள்ளே வந்தது. பலரும் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் லாகான் டைப் 10 என்று தேடுவார்கள், என்எல்ஏ (திரை வருவதற்கு முன்பே பாஸ்வேர்ட் கேட்கிற முறை) போட்டிருந்தால் தோற்றுப்போன முயற்சி டைப் 3 என்றுதான் பதிவாகும், அதைப் பார்க்காமல் "நம்ம சர்வரை யாரும் தட்டவில்லை" என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

பத்து வருஷக் கதைக்கு என் கதை ஒன்று. 2019இல் உங்கள் செவ்வாய்ப்பேட்டையிலேயே ஒரு கொலுசுப் பட்டறை. இதே மாதிரி 3389, இதே மாதிரி ஒரு பாஸ்வேர்ட். சனிக்கிழமை இரவு பூட்டிவிட்டுப் போய், திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் எல்லா ஃபைலுக்கும் பின்னால் ஏதோ வால் முளைத்திருக்கிறது. ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வைரஸ். கொலுசு வேலை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், வெள்ளியை எடை போட்டு வீடு வீடாகக் கொடுத்து வேலை வாங்குவார்கள். யாரிடம் எத்தனை கிலோ இருக்கிறது என்ற கணக்கு முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில். பிறகு அந்த முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் "உங்கிட்ட என் வெள்ளி எவ்வளவு இருக்கு" என்று கேட்டார். பெரும்பாலும் நேர்மையாகத்தான் சொன்னார்கள் என்பார். பெரும்பாலும்.

சூரமங்கலம்_ஸ்விட்ச்:

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் எட்டு கம்பெனிகளைப் பார்க்கிறேன். 3389ஐ மாற்றி ஐம்பதாயிரத்துச் சொச்சத்தில் ஏதாவது ஒரு போர்ட்டில் வையுங்கள், பாஸ்வேர்டைப் பதினாறு எழுத்தாக்குங்கள், ஐந்து முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும்படி பாலிசி போடுங்கள், முடிந்தது. ஜவ்வரிசி ஆலையைக் குறிவைத்து ரஷ்யாவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. விபிஎன் என்றால் ஆடிட்டர் ஆபீஸில் ஒருத்தருக்கும் போடத் தெரியாது, தினம் உங்களுக்குத்தான் போன் வரும்.

கோரிமேடு_லினக்ஸ்:

குறிவைத்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது சரி. குறிவைக்கத் தேவையே இல்லை என்பதுதான் பிரச்சினை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் இசட்மேப் என்று ஒரு கருவி வெளியிட்டார்கள். ஒரு கிகாபிட் இணைப்பும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால், உலகத்தின் ஐபிவி4 இணைய முகவரிகள் அத்தனையையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். இது பத்து வருஷத்துக்கும் மேலே பழைய கணக்கு. செவ்வாய்ப்பேட்டை எங்கே இருக்கிறது என்று அந்த ஸ்கிரிப்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரு முகவரிக்கு இருப்பது மொத்தம் 65,535 போர்ட். அதில் ஒன்றில் ஒளிந்துகொள்வது நம்மூர்க் கண்ணாமூச்சியில் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, கால் வெளியே தெரியும். எந்தப் போர்ட்டில் வைத்தாலும் தட்டினால் "நான் ரிமோட் டெஸ்க்டாப்" என்று அது தானே சொல்லிவிடும்.

பூட்டுப் பாலிசி விஷயம்: ரொம்ப நாளாக உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு அந்தப் பூட்டு பொருந்தாமலே இருந்தது, 2022 அக்டோபர் அப்டேட்டில்தான் அதற்கும் வழி செய்தார்கள். முயற்சிக்கிறவர்கள் முதலில் தட்டுவதும் அதே பெயரைத்தான்.

நீளமான பாஸ்வேர்டையும் நம்பிவிட முடியாது. 2019 மே மாதம் வந்த புளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை, விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 இரண்டும் மாட்டின, அது எவ்வளவு மோசம் என்றால் கைவிட்டுப் பல வருஷமான எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2012 ஆர்2வில் அந்த ஓட்டை இல்லை. ஆனால் 2012 ஆர்2வுக்கு 2023 அக்டோபர் 10 அன்று ஆதரவு முடிந்துவிட்டது, காசு கட்டி நீட்டித்தவர்களுக்கும் 2026 அக்டோபர் வரைதான். இனி இப்படி ஒன்று வந்தால் உங்களுக்குத் திருத்தம் வராது.

ஆடிட்டர்_ஆபீஸ்_பையன்:

எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், சேலத்தில்தான். அறுபது கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறோம். ஒருவர் எனிடெஸ்க், ஒருவர் ரிமோட் டெஸ்க்டாப், ஒருவர் டேட்டாவை மெயிலில் அனுப்புவார், ஒருவர் பென்டிரைவைப் பையன் கையில் கொடுத்துவிடுவார். எல்லா பாஸ்வேர்டும் எங்கள் ஆபீஸில் ஒரே எக்செல் ஃபைலில். அந்த ஃபைல் போனால் அறுபது பேரும் போனார்கள், எனக்கும் தெரியும், எங்கள் சாருக்கும் தெரியும்.

ஜிஎஸ்டி தாக்கலில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி, அது போக செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட். அந்த நாட்களில் ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்திருப்போம். அப்போது "செர்டிஃபிகேட் காலாவதி" என்று வந்தால் உங்களைத் திட்டாமல் என்ன செய்வோம். ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி செய்து கொடுங்கள், எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கோரிமேடு_லினக்ஸ்:

அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் போதும். ஆளுக்கு ஒரு சாவி, அவர்கள் லேப்டாப்பில் ஒரு ஃபைலை ஏற்றிவிட்டால் பிறகு ஒரே பட்டன். அதன் அழகு என்னவென்றால் சரியான சாவி இல்லாமல் வருகிற பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. வெளியே இருந்து தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கினால் அதன் சாஃப்ட்வேரான ரவுட்டர்ஓஎஸ் 7இல் அது உள்ளேயே இருக்கிறது, தனி லைசென்ஸ் இல்லை. ஆள் வேலையை விட்டால் அவர் சாவியை மட்டும் அழித்துவிடலாம்.

விபிஎன் வழியாக வந்தவர் ஆபீஸ் முழுக்கச் சுற்றக் கூடாது. ஆடிட்டர் சாவிக்கு சர்வரின் 3389 மட்டும், மாப்பிள்ளைக்கும் அதே. அப்புறம் மைக்ரோடிக் வாங்கியதும் ஒரு வேலை: ரவுட்டரை நிர்வகிக்கிற வின்பாக்ஸ் போர்ட் 8291ஐ வெளிப்பக்கம் மூடுங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். 2018இல் அந்த வழியாக பாஸ்வேர்டை உருவி, லட்சக்கணக்கான ரவுட்டர்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் ஸ்கிரிப்டை நுழைத்தார்கள். திருத்தம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது, போட்டவர்கள்தான் குறைவு.

கிழங்கு_சர்வர்:

அண்ணா, நேற்று ராத்திரியே மூடிவிட்டேன். ஆலை முகவரிக்கு மட்டும் திறந்திருக்கிறது.

லாக்கை எடுத்துப் பார்த்தேன், கை நடுங்கியது. ஒரே நாளில் 4625 மட்டும் பதினோராயிரத்துக்கு மேல். administrator என்பதைத்தான் தமிழ் தவிர எல்லா மொழியிலும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் ஸ்கேனர், பேக்கப், டெஸ்ட், ரிசப்ஷன், அக்கவுண்ட்ஸ். முதலாளிக்குக் காட்டினேன். "இத்தனை பேர் வந்தும் உள்ள வர முடியலைல்ல, அப்ப நல்லாத்தானே இருக்கு" என்றார். என்ன சொல்வது!

அதைவிட மோசம், 4624இல் இரவு 2.17க்கு ஒரு பதிவு. வெளி முகவரி, மொபைல் நெட்வொர்க், நம் பொது யூசர், உள்ளே ஐம்பது நிமிடம். சத்தியமாக அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காலை ஒன்பது மணி வரை காத்திருந்து ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன் பண்ணினால், அங்கே வேலை பழகும் ஒரு தம்பி 20ஆம் தேதிக்காக வீட்டிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறான். திருடனா நம்மாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மணி நேரமும் ஒரு போன் காலும் தேவைப்பட்டது. எல்லோரும் ஒரே பெயரில் வந்தால் லாக் இருந்தும் ஒன்றும் புரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கு ஒரு யூசர் போடத் தொடங்கிவிட்டேன்.

ஆடிட்டர்_ஆபீஸ்_பையன்:

அந்தத் தம்பி நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

எடைமேடை_மெக்கானிக்:

விண்டோஸ் 7 எடைமேடை கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சேலம், நாமக்கல் பக்கம் எடைமேடை சர்வீஸ் செய்கிறேன். அதை "புதுசாக மாற்றுங்கள்" என்று சொல்வது சுலபம். அந்த சாஃப்ட்வேர் எழுதினவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து பழைய சீரியல் கேபிளில் எடை வருகிறது, புது கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது, யுஎஸ்பி மாற்றி போட்டால் சிலதில் எடை குதிக்கும். கிழங்கு வண்டி முப்பது வரிசையில் நிற்கும்போது இந்தப் பரிசோதனையெல்லாம் செய்ய முடியாது.

நான் செய்வது இது. அதன் வேலை ஒன்றே ஒன்று, எடையைப் படித்துச் சீட்டு அடிப்பது. அதற்கு இண்டர்நெட் எதற்கு? தனி விலானில் (பிரித்துவைத்த நெட்வொர்க்) போடுங்கள், வெளியே போகிற வழியான கேட்வே கொடுக்காதீர்கள், பில் கம்ப்யூட்டர் ஒன்றோடு மட்டும் பேசட்டும். யுஎஸ்பி போர்ட்டில் பையன்கள் போன் சார்ஜ் போடுவார்கள், பாட்டு ஏற்றுவார்கள், அதை பயாஸிலேயே அடைத்துவிடுங்கள். ஃபைல் பகிர்கிற எஸ்எம்பியின் முதல் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். 2017 மே 12 வானாக்ரை ரேன்சம்வேர் பரவியது அந்த வழியாகத்தான், மாட்டியதில் பெரும்பகுதி விண்டோஸ் 7, அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வந்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் ஆலையில் மாவுச்சத்து பாயிண்டுக்குத்தானே விவசாயிக்கு விலை? எடைச் சீட்டும் பாயிண்டும் சேர்ந்ததுதான் அவர் பணம். அந்த டேட்டா அழிந்தால் டேலி போனதைவிடப் பெரிய தகராறு வாசலில் வந்து நிற்கும்.

சூரமங்கலம்_ஸ்விட்ச்:

விலான் போட மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும். நாற்பதாயிரத்தில் எத்தனை வாங்குவார்?

எடைமேடை_மெக்கானிக்:

ஸ்விட்ச் வேண்டாம். அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு ரவுட்டரிலேயே ஒரு போர்ட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

ஏற்காடு_மழை:

தோட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், மேலே இரண்டு எஸ்டேட்டிலும் ஒரு லாட்ஜிலும் நெட்வொர்க் பார்க்கிறேன். ஏற்காட்டில் ஹேக்கருக்கு முன்னால் இடி வந்துவிடும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டினால் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். பங்களாவிலிருந்து அறைகளுக்கு செம்புக் கேபிள் இழுத்திருந்தால், எங்கோ ஒரு சில்வர் ஓக் மரத்தில் விழுந்த இடி அந்தக் கேபிள் வழியாக வந்து இரண்டு பக்க ஸ்விட்சையும் சுட்டுவிடும், நேராக விழ வேண்டும் என்றே இல்லை. எர்த் பிட் தோண்டலாம் என்றால் இரண்டடியில் பாறை. சேர்வராயன் மலை முழுக்க சார்னோக்கைட் என்ற கடினப் பாறை, கரியும் உப்பும் கொட்டினாலும் எர்த் சரியாகப் பிடிக்காது. அதனால் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, செம்புக்கு இருக்கிற நூறு மீட்டர் வரம்பும் இல்லை. இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கிற மீடியா கன்வெர்ட்டர், அவ்வளவுதான் செலவு. ஃபைபர் வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற வகையா என்று பாருங்கள், இல்லாத வகையாக வாங்குங்கள், இல்லையென்றால் செம்பைத் தூக்கிவிட்டு இரும்பு போட்ட கதையாகிவிடும்.

விருந்தினர் வைஃபை விஷயம். வார இறுதியில் வருகிறவர்கள் எல்லோரும் பாஸ்வேர்ட் கேட்பார்கள், ரிசப்ஷனில் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். அந்த வைஃபையும் அறை பில் போடுகிற கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருக்கும். நான் பார்த்த ஒரு இடத்தில் விருந்தினர் ஒருவர் படம் பார்க்கலாம் என்று போனில் தேட, ரிசப்ஷன் டிவியில் அவர் குடும்ப வீடியோ ஓடத் தொடங்கிவிட்டது. சிரித்துவிட்டு வந்துவிட்டோம், ஆனால் டிவிக்குப் போக முடிந்தவருக்கு பிரிண்டருக்கும் பில் கம்ப்யூட்டருக்கும் போக முடியும்.

ஆபீஸோடு எஸ்டேட்டை இணைக்கும்போது மேலே 4ஜி சிம்தான் என்றால் பொது முகவரி கிடைக்காது. எஸ்டேட் பக்கத்திலிருந்து ஆபீஸை வயர்கார்ட் கூப்பிடும்படி வைத்து, 25 விநாடிக்கு ஒரு முறை கீப்அலைவ் (இணைப்பு அறுந்துவிடாமல் வைக்கிற சிறு பாக்கெட்) போட்டால் நிற்கும்.

லீபஜார்_மொத்தக்கடை:

நான் கம்ப்யூட்டர்காரன் இல்லை, கடைக்காரன். என் மகன் இந்த இழையைக் காட்டினான். தம்பி, நீங்கள் முதலாளியிடம் பேசுகிற விதம் தப்பு. பதினோராயிரம் முயற்சி என்று அவரிடம் காட்டினால் அவர் காவல்காரனைத்தான் பாராட்டுவார்.

அவரிடம் லாரியைப் பற்றிப் பேசுங்கள். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் இ-இன்வாய்ஸ், வெளி மாநிலத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில். கம்ப்யூட்டர் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. போர்ட்டலில் கையால் போடலாம், ஆனால் எந்தப் பார்ட்டிக்கு என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க லெட்ஜர் வேண்டுமே. நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிராவில் ஜவ்வரிசி கேட்டு அடித்துக்கொள்கிற பத்து நாளில் மூன்று நாள் கணக்கு இல்லை என்றால் என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவரே சொல்வார். நான் பாக்கி வைத்திருக்கிற இடத்தில் அப்படி நடந்தால் நானாகப் போய் "இவ்வளவு தரணும்" என்று சொல்வேனா? சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

கிழங்கு_சர்வர்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "பேக்கப் இருக்குல்ல" என்றார். இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது, எதற்கும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நல்லவேளை.

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டேலியை லைசென்ஸ் இல்லாத எஜுகேஷன் மோடில் போட்டு, அந்தத் தூசி பிடித்த டிஸ்க்கிலிருந்து டேட்டாவை ஏற்றித் திறந்தேன். கம்பெனி திறந்தது, லெட்ஜர் எல்லாம் இருந்தது. மனசு லேசாகி தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பினேன், கதவு வரை போய், சும்மா கடைசி வவுச்சரைப் பார்ப்போம் என்று திரும்பி வந்தேன். 2023 மார்ச் 31.

என்ன நடந்திருக்கிறது என்றால், டேலியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் போட்ட ஒரு ஃபோல்டர். முன்னால் இருந்தவர் அந்த எண்ணை நேராக எழுதி ஒரு பேட்ச் ஃபைல் செய்து, தினம் இரவு 11க்கு ஓடும்படி வைத்திருக்கிறார். அந்த ஏப்ரலில் கணக்கு கனமாகிவிட்டது என்று கம்பெனியைப் பிரித்திருக்கிறார்கள், புது எண்ணில் புது ஃபோல்டர் வந்துவிட்டது. பேட்ச் ஃபைலை யாரும் தொடவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக, ஒரு நாள் தவறாமல், செத்துப்போன ஒரு வருஷத்துக் கணக்கை நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். தினமும் "வெற்றி" என்று லாக் வேறு.

முதலாளியிடம் ஸ்கிரீனைக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. "என்ன வேணுமோ வாங்கு" என்றார்.

சூரமங்கலம்_ஸ்விட்ச்:

இதைப் படித்துவிட்டு என் எட்டு கம்பெனிகளிலும் இன்று ரீஸ்டோர் செய்து பார்த்தேன். ஏழு சரி. எட்டாவதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. போர்ட் விஷயத்தில் இன்னும் என் கருத்து வேறுதான், ஆனால் எட்டாவது இடத்தில் நேற்றே வயர்கார்ட் போட்டுவிட்டேன்.

ஐந்துரோடு:

தம்பி, அதோடு செருகியபடியே இருக்கிற டிஸ்க் பேக்கப்பே ஆகாது. சர்வருக்குத் தெரிகிற எந்த டிரைவ் எழுத்தும் ரேன்சம்வேருக்கும் தெரியும், முதல் வேலையாக விண்டோஸ் தானே வைத்திருக்கிற பழைய நகலான ஷேடோ காப்பியை அழித்துவிட்டுத்தான் மற்றதில் கை வைக்கும். டிஸ்க் மூன்று வாங்கு. ஒன்று செருகியிருக்கும்போது இரண்டு வெளியே இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். எண்ணை எழுதாதே, டேட்டா ஃபோல்டர் முழுவதையும் எடு. பதினான்கு பேரும் வெளியேறிய பிறகு எடு, திறந்திருக்கும்போது எடுத்தால் பாதி எழுதிய ஃபைல் வரும்.

கோரிமேடு_லினக்ஸ்:

டிஸ்க்கை மாற்ற மறந்துவிடுவார்கள், நான் பந்தயம் கட்டுகிறேன். கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அது சர்வரிடமிருந்து டேட்டாவை இழுக்கிற மாதிரி வையுங்கள். சர்வர் தள்ளக் கூடாது, இது இழுக்க வேண்டும். அப்போது சர்வரைப் பிடித்தவன் கையில் பேக்கப் கம்ப்யூட்டரின் சாவி இருக்காது.

ஐந்துரோடு:

மறந்தால் மறக்கட்டும், கையில் எடுத்துப் பார்க்க முடிகிற ஒன்றைத்தான் முதலாளி நம்புவார். இரண்டும் செய்யட்டும்.

இன்னொன்று, எல்லாம் செய்தும் ஒரு நாள் மாட்டினால்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு, கம்ப்யூட்டரை அணைக்காதே, பதற்றத்தில் ஃபார்மட் அடிக்காதே. மெமரியில் ஏதாவது மிச்சம் இருக்கலாம். சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ணிப் புகார் பதிவு செய். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், உன் சர்வரில் பழையதை அழித்துக்கொண்டே போகும்படிதான் இருக்கும், அதை மாற்று. யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் எல்லாம் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி உண்டு. இருந்தால் அதிர்ஷ்டம். பூட்டிய ஃபைல்களை எறிந்துவிடாதே, சில சமயம் ஒரு வருஷம் கழித்துச் சாவி வெளியே வரும்.

கிழங்கு_சர்வர்:

நிலவரம் சொல்கிறேன். ரவுட்டர் வந்து மாட்டியாகிவிட்டது. ஆடிட்டர் ஆபீஸ், மாப்பிள்ளை, ஆலை எல்லோரும் வயர்கார்டில்தான் வருகிறார்கள். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து முதல் நாள் ஆறு போன், அப்புறம் இல்லை. டிவிஆரை வெளியே மூடிவிட்டேன், முதலாளி போனிலும் வயர்கார்ட் போட்டாகிவிட்டது, கேமரா பார்ப்பதற்கு முன்னால் ஒரு பட்டன் அழுத்த வேண்டும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். எடைமேடை தனியாகிவிட்டது. சர்வர் மாற்றுவது அடுத்த பட்ஜெட், எஸ்டேட்டுக்கு ஃபைபர் சித்திரைக்கு முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை முழு ரீஸ்டோர் செய்து பார்த்தேன். வெறும் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கி, கணக்குப்பிள்ளை உட்கார்ந்து டிரையல் பேலன்ஸை பேப்பரோடு ஒப்பிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்கிற வரை ஐந்தே கால் மணி நேரம். மூன்றாவது டிஸ்க் சனிக்கிழமைதோறும் முதலாளி காரில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எஸ்டேட்டுக்குப் போகிறது, போன வாரம் இருந்தது திரும்பி வருகிறது. வழியில் தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாதபடி பிட்லாக்கர் போட்டிருக்கிறேன்.

ஏற்காடு_மழை:

மழைக்காலத்தில் மேலே ஈரம் அதிகம், தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கும். எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள். காப்பிக் கொட்டை உலர்த்துகிற கட்டடத்தில் மட்டும் வேண்டாம், தூசி.

ஐந்துரோடு:

எல்லாம் சரி தம்பி. அந்த பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எங்கே வைத்திருக்கிறாய்?

கிழங்கு_சர்வர்:

சர்வர் டெஸ்க்டாப்பில், ஒரு நோட்பேட் ஃபைலில்.

இதோ போகிறேன் அண்ணே.